இரண்டு தனிக்கட்டில்

என் கூடப்பிறந்த அண்ணையின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முதல்நாள், படையலில் வைப்பதற்கு ஒரு நல்ல படம் தேடி அவருடைய பிஸ்கற் தகரத்தைத் திறந்தேன். எந்த விசேஷத்திலும் படம் எடுப்பவர் அவர்தான் என்பதால் அவருடைய படம் என்று ஒன்று கிடைப்பது அருமை. தகரத்துக்குள் மூலை வெட்டப்பட்ட மூன்று பழைய பாஸ்போர்ட்டுகள், அம்மாவின் கடிதங்கள் ஒரு கட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் வெளிர் மஞ்சளில் ஒரு முன்பதிவு அட்டை. அதைக் கண்டதும் படம் தேட வந்ததை மறந்து அவருடைய கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். லண்டனின் ஸ்ட்ரெதமில் நான் பன்னிரண்டு வருடம் வேலை செய்த பயண முகவர் கடையின் அட்டை அது. மேலே அண்ணையின் பெயரும் இன்னொருவருடைய பெயரும். போகுமிடம் மெக்சிக்கோவில் குவானஹுவாத்தோ. அறை என்ற வரியில் அண்ணை தன் சரிந்த எழுத்தில், பென்சிலால், ஒரு இரட்டைக் கட்டில் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். அதன்மேல் நீலப் பேனையால் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே, இரண்டு தனிக்கட்டில். அந்தப் பேனை எழுத்து என்னுடையது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பயணி கேட்பதையெல்லாம் அட்டையில் பென்சிலால் எழுத வேண்டும். விமானக் கம்பனியோ ஹோட்டலோ சரி என்று டெலெக்ஸில் பதில் அனுப்பிய பிறகுதான் பேனையைத் தொடலாம். கொழும்புக்கும் சென்னைக்கும் போகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். அவர்கள் நாளை மாற்றுவார்கள், பேரை மாற்றுவார்கள், பெட்டியின் நிறையைப் பற்றி ஒரு மணித்தியாலம் வாதாடுவார்கள். அதனால் அழிறப்பர் இல்லாமல் எங்களால் ஒரு நாளும் ஓட்ட முடியாது. ஹோட்டலிடமிருந்து பதில் வருவதற்கு முன்னால் நான் பேனை எடுத்து எழுதிய ஒரே அட்டை இதுதான்.

அண்ணை எழுபதுகளின் தொடக்கத்தில் படிக்க வந்து, பாதாள ரயிலில் சிக்னல் பகுதியில் வேலைக்குச் சேர்ந்து, அதிலேயே ஊறிவிட்டவர். எண்பத்துநான்கில் நான் கணவரோடும் இரண்டு வயது மகளோடும் வந்து இறங்கியபோது எங்களுக்கு அறை பிடித்துத் தந்ததும், கடை முதலாளியிடம் பேசி எனக்கு வேலை எடுத்துத் தந்ததும் அவர்தான். அவர் அப்போது ஸ்ட்ரெதமில் ஒரு வெள்ளைக்காரரின் வீட்டில் இருந்தார். அந்த வெள்ளைக்காரர் உயர்நிலைப் பள்ளியில் ஸ்பானிஷ் படிப்பித்தவர். உயரமானவர், கொஞ்சம் கூனல், எங்கள் வீட்டு இடியப்பத்தைக் கையால் அழகாகச் சாப்பிடப் பழகியவர். நாங்கள் அவரை வாத்தியார் என்றே சொல்வோம். அண்ணை வாத்தியார் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார் என்பதுதான் ஊருக்குச் சொன்ன கதை. அதை முதலில் சொன்னது அண்ணையா நானா என்று இப்போது நினைவில்லை. கோயிலிலும் கலியாண வீடுகளிலும் அதைப் பரப்பியது நான்தான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நான் ஒரு மூடியைக் கையில் பிடித்துக்கொண்டே திரிந்தேன்.

ஒருமுறை அந்த வீட்டுக்குப் போனபோது மாடியில் அண்ணையின் அறையை எட்டிப் பார்த்தேன். கட்டிலில் விரிப்பு ஒரு சுருக்கமும் இல்லாமல் இழுத்துப் போடப்பட்டிருந்தது. தலையணையில் தலை வைத்த பள்ளம்கூட இல்லை. அலமாரிக்கு மேலே தூசி. 'எவ்வளவு துப்புரவா வைச்சிருக்கிறியள் அண்ணை' என்று மெச்சினேன். வாத்தியார் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை சிரித்தார். ஒருவரும் படுக்காத கட்டில் அது என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாததாக வைத்திருப்பதில் எங்கள் ஆட்களை மிஞ்ச ஆள் இல்லை, அதிலும் நான் கெட்டிக்காரி.

எண்பத்தேழில், மழை பெய்த ஒரு நாள், அண்ணை வேலை முடிந்து நேரே கடைக்கு வந்தார். ஈஸ்டர் விடுமுறைக்குத் தானும் வாத்தியாரும் மெக்சிக்கோவுக்குப் போவதாகச் சொன்னார். வாத்தியார் இளம் வயதில் அந்த ஊரில் ஒரு வருடம் இருந்து மொழி படித்தவராம், பழைய ஸ்பானிய ஊராம், மலைச்சரிவில் வீடுகளாம். எனக்கு முன்னால் ஒரு குடும்பம் கொழும்பு ரிக்கெற்றுக்காக நின்றதால் அட்டையை அண்ணையிடமே நீட்டி நிரப்பச் சொன்னேன். அவர் நின்றபடியே நிரப்பி, என்னைப் பார்க்காமல் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். பிறகு டெலெக்ஸ் அடிப்பதற்காக அட்டையைத் திருப்பினேன். ஒரு இரட்டைக் கட்டில். அவசரத்தில் மாறி எழுதிவிட்டார் என்று எனக்கு நானே சொன்னேன். பென்சில் கையில் இருந்தது. அதை வைத்துவிட்டுப் பேனையை எடுத்தேன். இதில் பிறகு மாற்றத்துக்கு இடம் இருக்கக் கூடாது என்று அப்போது நினைத்தது எனக்கு இன்றும் தெளிவாக நினைவிருக்கிறது. ஆகவே அது பிழை அல்ல. பல வருடங்கள் அதைப் பிழை என்று சொல்லிக்கொண்டேன்.

ஈஸ்டர் விடுமுறை முடிந்து அண்ணை கறுத்துப்போய், முகம் மலர்ந்து, ஒரு பெட்டி பால் இனிப்போடு கடைக்கு வந்தார். கட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரைப் பற்றித்தான் சொல்லி முடியவில்லை. மஞ்சளும் சிவப்பும் நீலமுமாய் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும் வீடுகள், வெள்ளி தோண்டிய காலத்துத் தேவாலயங்கள், வாகனங்கள் ஊருக்கு அடியில் சுரங்கத்தில் ஓட மேலே மனிதர்கள் நடக்கும் தெருக்கள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய ஒழுங்கைகள். மாலையானால் மாணவர்கள் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு அந்த ஒழுங்கைகளில் பாடிப்போவார்களாம், சனம் பின்னால் போகுமாம். அவரை மிகவும் தொட்டது வேறொன்று. 'அங்கை என்னை ஒருத்தரும் எந்த நாடு எண்டு கேக்கேல்லை பிள்ளை. அங்கத்தை ஆள் எண்டு நினைச்சு என்னோடைதான் ஸ்பானிஷில கதைக்கினம். நான் முழிக்கிறன். வாத்தியார் பதில் சொல்லுறார், அவரைத்தான் வெளிநாட்டுக்காரன் எண்டு பாக்கினம்.' இதைச் சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். லண்டனில் பதினைந்து வருடமாய் எங்கே போனாலும் வெளியாளாக நின்ற மனிதன் அப்படிச் சிரித்ததில் வியப்பில்லை.

அங்கே ஒரு கிளப் இருக்கிறது என்றும் சொன்னார். பலகை இல்லை. ஒரு பச்சைக் கதவு, இரண்டு முறை மணி அடிக்க வேண்டும், கதவில் உள்ள துளையால் பார்த்துவிட்டுத்தான் திறப்பார்கள். நடத்துவது ஒரு விதவை, முன்னர் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தவராம். உள்ளே ஒரு பழைய பாட்டுப்பெட்டி, எட்டோ பத்தோ மேசை, நடுவில் ஆடுவதற்குக் கொஞ்சம் இடம். 'ஆர் ஆடுறது?' என்று கேட்டேன். 'எல்லாரும்' என்றார். 'நீங்களுமோ?' 'ஓம், நானும் ஆடுவன்.' கலியாண வீட்டில் ஒரு தாளத்துக்குக்கூடக் கால் அசைக்காத அண்ணை. அங்கே பெண்களும் வருவார்களா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இனிப்புப் பெட்டியைத் திறந்து முதலாளிக்குக் கொண்டுபோனேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அதே ஊர், அதே ஹோட்டல், முற்றத்தைச் சுற்றி அறைகள் கட்டிய ஒரு பழைய வீடு, மாடியில் அதே அறை. போன வருடம் போலவே என்று ஹோட்டலுக்கு எழுதினால் போதும். வாத்தியாரின் சிநேகிதர்கள் சிலரும் என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். இரண்டிரண்டு ஆண்களாக வருவார்கள். குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். சிலரிடம் அப்படியான ஆண்களுக்கென்று அச்சடித்த ஒரு சின்ன வழிகாட்டிப் புத்தகம் இருக்கும், எந்த ஊரில் எந்தக் கதவைத் தட்டலாம், எங்கே பொலிஸ் வரும் என்று அதில் போட்டிருக்கும். மற்ற முகவர் கடைகளில் தங்களைப் பார்த்த பார்வையைச் சொல்லி, நீங்கள் கேள்வி கேட்காத நல்ல பெண் என்று எனக்கு நன்றி சொன்னார்கள். நான் கேள்வி கேட்காதது நல்ல குணத்தால் அல்ல, பதில் வந்துவிடுமோ என்ற பயத்தால். வந்த அத்தனை பேருக்கும் இரண்டு தனிக்கட்டில்தான் போட்டுக் கொடுத்தேன். இப்போது தன்பாலீர்ப்பாளர் என்று மரியாதையான ஒரு சொல் இருக்கிறது, என் மகள் அதைத் தடக்கம் இல்லாமல் சொல்கிறாள். அன்று எங்களிடம் இருந்ததெல்லாம் வசைச்சொற்கள். அண்ணையின் மேல் ஒரு வசைச்சொல்லைப் போட எனக்கு மனம் வரவில்லை, வேறு சொல்லைத் தேடவும் எனக்கு மனம் வரவில்லை.

தொண்ணூற்றுநான்கில், மாசி மாதம், வாத்தியார் பள்ளிக்கூடத்தில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார். வடக்கே யோர்க்‌ஷயரிலிருந்து அவருடைய தமக்கை வந்தார். உடலை அங்கே கொண்டுபோய் அங்கேயே தகனம் செய்தார்கள். அண்ணை ரயிலில் போய், கடைசி வரிசையில் இருந்துவிட்டு, அன்றே திரும்பி வந்தார். வீடு வாத்தியாரின் பேரில் இருந்தது. அண்ணை மாடியில் வாடகைக்கு இருந்தவர், அப்படித்தானே எல்லோரும் சொன்னோம். தமக்கைக்கும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். வீட்டை விற்கப் போகிறேன், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் மரியாதையாகவே ஒரு கடிதம் எழுதினார். அவரில் பிழை சொல்ல ஏலாது. நாங்கள் கட்டிய கதையை அவர் நம்பினார், அவ்வளவுதான். பத்து வருடம் நான் கோயில் கோயிலாகச் சொல்லித் திரிந்த பொய் ஒரே வாரத்தில் உண்மையாகிவிட்டது. அண்ணை இரண்டு சூட்கேசோடு சட்டனில் எங்கள் வீட்டுச் சின்ன அறைக்கு வந்து சேர்ந்தார்.

எங்கள் ஊரில் ஒரு சாவு என்றால் எவ்வளவு சனம். இங்கே லண்டனிலும் அது குறையவில்லை. அன்றே வீட்டுக்கு வந்து நிலத்தில் உட்கார்வார்கள், அடுத்த வீட்டில் சமைத்துக் கொண்டுவந்து தருவார்கள், எட்டுச் செலவு, முப்பத்தொன்று என்று நாள் வைத்து வருவார்கள். முகம்கூடத் தெரியாத ஒருவருக்காக நானே வெம்பிளி வரை போய் அழுதிருக்கிறேன். அண்ணையிடம் ஒருவரும் வரவில்லை. வருவதற்கு அவருக்கு யார் செத்தது? அவர் காலையில் வேலைக்குப் போனார், மாலையில் வந்தார். மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சாப்பிடாமல் விட்டார். சவரம் செய்யவில்லை. இரண்டு கிழமையில் தாடி நரைத்து வளர்ந்துவிட்டது. நான் கண்டேன். நெஞ்சில் எங்கோ விளங்கியது. என் தலைக்குள் அப்போது வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

மகளுக்குச் சாமத்தியச் சடங்கு வைத்திருந்தோம். பிள்ளை பெரியவளாகி மூன்று மாதம் ஆகியிருந்தது, பள்ளிக்கூட விடுமுறைக்காகக் காத்திருந்து மண்டபம் எடுத்திருந்தோம். இருநூற்றைம்பது பேருக்குச் சொல்லியாயிற்று. வாத்தியார் இறந்து பதினாறாம் நாள் அது வந்தது. சடங்கில் பாலும் அறுகும் தலையில் வைத்து முதல் தண்ணீர் வார்க்க வேண்டியவர் தாய்மாமன். எனக்கு இருப்பது ஒரே அண்ணை. முதல்நாள் நான் குசினியில் பலகாரம் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் வந்து வாசலில் நின்றார்.

'பிள்ளை, நாளைக்கு நான் தண்ணி வாக்கக் கூடாது. எனக்குத் துடக்கு.'

துடக்கு என்றால் சாவுத் தீட்டு. இரத்த உறவுக்கும் கட்டியவருக்கும்தான் அது. துடக்குக்காரர் நல்ல காரியத்தில் கை வைக்கக் கூடாது. இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவரே அண்ணைதான், பொருள் தெரியாமல் அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பத்து வருடமாய் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து விழுங்கியதை அன்றுதான் வாயால் சொன்னார், அதுவும் எனக்கு விளங்கக்கூடிய ஒரே சொல்லில். நான் அடுக்குவதை நிறுத்தவில்லை.

'என்ன துடக்கு அண்ணை? ஆர் செத்தது? எங்கட ஆக்கள் ஒருத்தரும் சாகேல்லையே.'

அவர் கையால் தாடியைத் தடவினார். பிறகு, 'ஓம், ஒருத்தரும் சாகேல்லை' என்றார்.

'அந்தத் தாடியையும் எடுத்துப்போட்டு வாங்கோ. படம் எடுப்பினம்.'

மேலே குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நெடுநேரம் ஓடியது. இறங்கி வந்தபோது கன்னம் வழுவழுவென்று இருந்தது, நாடியில் ஒரு இடத்தில் வெட்டுப்பட்டு இரத்தம் கசிந்தது. நான் ஒரு துண்டுப் பஞ்சு எடுத்துக் கொடுத்தேன். அதுதான் அன்று நான் அவருக்குக் கொடுத்த ஆறுதல். அந்தக் குசினிக்கு இன்று திரும்பிப் போக முடிந்தால் பலகாரத் தட்டை நிலத்தில் போட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பேன். நினைக்கும்போது இப்போதும் என் மேல் எனக்கு அடங்காத கோபம் வருகிறது.

அடுத்த நாள் அண்ணை பட்டு வேட்டி கட்டி, பால் அறுகு வைத்து, மருமகளின் தலையில் தண்ணீர் வார்த்தார். வீடியோவில் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறார். தேங்காய் உடைத்ததும் கைதட்டினார்கள். ஒரு மாமி அவர் பக்கத்தில் வந்து, தம்பி, உமக்கும் காலாகாலத்தில் ஒன்றைப் பார்த்துக் கட்டி வைத்திருந்தால் என்று தொடங்குவதுகூட அதில் பதிவாகியிருக்கிறது.

அந்த ஈஸ்டருக்கு அண்ணை தனியாகப் போனார். ஒருவருக்கான அறை கேட்கட்டுமா என்று கேட்டேன். 'எப்பவும் போலப் போடு' என்றார். ஹோட்டலுக்கு நான் அப்படியே எழுதினேன், போன வருடம் போலவே என்று.

திரும்பி வந்த கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை, அவரே ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போவோம் என்றார். மேட்டில் ஏறிக் கோயில் வாசலுக்குள் வந்து, சப்பாத்துக் கழற்றும் வாங்கில் உட்கார்ந்து, ஒரு சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். மற்றது காலிலேயே இருந்தது.

'முதல் வருசம் போன நேரம் ஹோட்டல்காரன் பிழை விட்டுட்டான், பிள்ளை. நாங்கள் ஒரு பெரிய கட்டில் கேட்டனாங்கள், அவன் ரெண்டு சின்னக் கட்டில் போட்டு வைச்சிருந்தான். ரெண்டு ஆம்பிளையள் போய் நிண்டு மாத்தித் தா எண்டு கேக்கிற காலமே? பேசாமல் இருந்திட்டம். ஒவ்வொரு நாளும் ராவில ரெண்டு கட்டிலையும் தூக்கி ஒண்டாப் போடுவம். இழுத்தால் கீழ கேக்கும், அதால தூக்குவம். பாரமான மரக் கட்டில். விடிய, துப்புரவாக்கிற மனிசி வரமுன்னம் திரும்பத் தூக்கித் தள்ளி வைப்பம். வாத்தியாருக்கு முதுகு, நாரி எல்லாம் நோவு, நான் ஏசுவன், அவர் சிரிப்பார். ஏழு வருசம் அப்பிடித்தான். பிறகு அது எங்களுக்கு ஒரு பழக்கமாப் போச்சுது.'

ஹோட்டல்காரன் அல்ல, நான்தான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். யாரோ சிலர் வந்து எங்களுக்குப் பக்கத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். அவர்கள் போகும்வரை பொறுத்திருந்து அண்ணை தொடர்ந்தார்.

'இந்தமுறை போய்க் கதவைத் திறக்கிறன், ரெண்டு கட்டிலும் சேத்துப் போட்டிருக்குது. மேல ஒரு பெரிய விரிப்பு, ரெண்டு தலையணி. அந்த மனிசி செய்து வைச்சிருக்கிறா. அவவுக்கு முதல் வருசமே தெரிஞ்சிருக்கும், தரையில கட்டில் கால் பட்ட அடையாளம் இருக்குமெல்லோ. எங்களை இந்தமுறையாவது தூக்க விடக்கூடாது எண்டு நினைச்சிருக்கிறா போல. வாசல்ல நிண்டு எனக்குப் பின்னால எட்டி எட்டிப் பாக்கிறா, மற்றவர் எங்கை எண்டு. எனக்குப் பாசை வரேல்லை. மேல காட்டினன். அவ வந்து கட்டில் விளிம்பில இருந்து, என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதா. எங்கட பெண்டுகள் செத்த வீட்டில அழுற மாதிரியே, பிள்ளை.'

அன்று மாலை அவர் பச்சைக் கதவைப் போய்த் தட்டியிருக்கிறார். நடத்தும் அம்மா துளையால் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கு என்று இரண்டு கிளாஸை எடுத்து வைத்தாராம். தெரிந்துகொண்டதும் பாட்டுப்பெட்டியின் வயரைப் பிடுங்கினாராம். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அவர் உரக்க ஏதோ சொன்னார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். ஊர்க்காரர்கள், பயணமாக வந்தவர்கள், வாத்தியாரை ஒரு நாளும் கண்டிராத இளைஞர்கள், வரிசையாக வந்து அண்ணையின் கையைப் பிடித்துத் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். கடைசியாக அந்த அம்மா வயரைத் திரும்பச் செருகி, வாத்தியார் எப்போதும் கேட்கும் பாட்டைப் போட்டார். அந்த ஒரு பாட்டு முடியும்வரை ஒருவரும் ஆடவில்லை. நடுவில் இருந்த இடத்தை வெறுமனே விட்டுவிட்டுச் சுவரோடு நின்றார்களாம்.

'எனக்கு அங்கைதான் செத்த வீடு நடந்தது, பிள்ளை' என்றார். குற்றம் சாட்டுகிற குரல் அல்ல. காலநிலை சொல்வது போலச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார், சாமிக்காக அல்ல என்று அப்போது விளங்கியது. ஒரு வார்த்தை போதும். உங்களுக்குத் துடக்குத்தான் அண்ணை என்று சொல்லியிருந்தால் போதும். உள்ளே மணி அடித்தது.

'பூசை தொடங்கப்போகுது அண்ணை. வாங்கோ' என்றேன்.

அவர் குனிந்து மற்றச் சப்பாத்தையும் கழற்றினார்.

அதன் பிறகு அவர் என்னிடம் இதைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு வருடம் கழித்துக் கடை மூடப்பட்டது. முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகளுக்கு விருப்பமில்லை. பழைய அட்டைகளைச் சாக்குகளில் கட்டி எறிய வேண்டும் என்றபோது அண்ணைதான் கைகொடுக்க வந்தார். நான் முன்னால் கண்ணாடியில் ஒட்டிய விளம்பரங்களைச் சுரண்டிக்கொண்டிருந்தேன், அவர் பின்னறையில் அட்டைகளோடு நெடுநேரம் இருந்தார். வெளியே வந்தபோது, 'தூசி கூடிப்போச்சு' என்று கண்ணைத் துடைத்தார். நானும் அதைத் தூசி என்றே எடுத்துக்கொண்டேன். பிறகு அவர் மெக்சிக்கோவுக்கும் போகவில்லை, வேறு வீடு பார்க்கவும் இல்லை. எங்கள் சின்ன அறையிலேயே இருந்து, என் மகளைக் கார் ஓட்டப் பழக்கி, என் கணவர் படுத்த படுக்கையானபோது தூக்கிக் குளிப்பாட்டி, எல்லா விசேஷத்துக்கும் படம் எடுத்து, கடந்த மாதம் நித்திரையிலேயே போய்விட்டார். இருநூறு பேர் வந்தார்கள். தனிக்கட்டை, தங்கச்சி குடும்பமே உலகம் என்று வாழ்ந்த மனிசன் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள்.

ஆகவே இந்த அட்டை அவரிடம் இருந்தது. சாக்கைக் கட்டிய அன்று அதைத் தேடி எடுத்திருக்கிறார், அல்லது தற்செயலாகக் கண்டிருக்கிறார். என் எழுத்து அவருக்குத் தெரியாததா? அ எழுதப் பழக்கியதே அவர்தான். பிழை விட்டது ஹோட்டல்காரன் அல்ல என்று தெரிந்துகொண்டு, அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி வந்து, என்னோடு பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்து, இருபத்தைந்து வருடத்துக்கு மேல் என் கையால் சாப்பிட்டிருக்கிறார். ஒரு முறை முகம் சுளிக்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், அழுதிருப்பேன், மன்னிப்புக் கேட்டிருப்பேன். எனக்கு அந்தச் சங்கடத்தைத் தரக்கூடாது என்று நினைத்தாரோ, இவளிடம் சொல்லிப் பிரயோசனமில்லை என்று நினைத்தாரோ, இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

அன்று இரவு நான் படம் தேடவில்லை. காலையில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சடங்கு வீடியோவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள் போல, 'மாமா அண்டைக்கு அழுதுகொண்டோ என்ர தலையில தண்ணி வாத்தவர்?' என்று மட்டும் கேட்டாள். பிறகு தகரத்தைத் தானே கிண்டி, ஒரு பாஸ்போர்ட்டின் உறைக்குள்ளிருந்து ஒரு சிறிய படத்தை எடுத்தாள். படிக்கட்டுள்ள ஒரு ஒழுங்கை, மஞ்சள் சுவர், அண்ணையும் வாத்தியாரும் பக்கத்தில் பக்கத்தில். அதைத்தான் சட்டம் போட்டு வைத்தோம்.

ஐயர் போன பிறகு படையல் போட்டோம். படத்துக்கு முன்னால் இரண்டு தலைவாழை இலை விரித்தேன். என் மச்சாள், கணவரின் தமக்கை, சோற்றுச் சட்டியோடு நின்றவர், 'ஏன் ரெண்டு?' என்று கேட்டார்.

'மற்றது வாத்தியாருக்கு.'

'அந்த வெள்ளைக்காரனுக்கோ? அவர் ஆர் எங்களுக்கு?'

'எங்கட வீட்டு ஆள் மச்சாள். முப்பது வருசத்துக்கு முன்னம் செத்தவர். அப்ப நாங்கள் ஒருத்தரும் துடக்குக் காக்கேல்லை.'

சட்டி கையில் இருக்க அவர் குனிந்து படத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு இலையிலும் சோறு வைத்தார். மகள் கறிகளை வைத்தாள், இடியப்பமும் வைத்தாள். மஞ்சள் அட்டையைப் படச்சட்டத்துக்குப் பின்னால் செருகியிருந்தேன். பேனைக் கோட்டை அழிக்க வழியில்லை, அது அப்படியே கிடக்கட்டும். எல்லோரும் விழுந்து கும்பிட வரிசையாக நின்றபோதுதான் கவனித்தேன், இரண்டு இலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு விரித்திருந்தேன். பழக்க தோஷம். நிலத்தில் முழங்காலிட்டு, இழுத்தால் கறி சிந்தும் என்பதால், மகளை மறுபக்கம் பிடிக்கச் சொல்லி, ஒரு இலையை மெல்லத் தூக்கி மற்றதோடு சேர்த்து வைத்தேன்.